காலுக்கேற்ற செருப்பு

‘செருப்புக்காகக் காலைத் தறிப்பதா?’ என்று கேட்டனர் நம் முன்னோர். விடை எளிது. ஆயினும் கடைக்குட் புகுந்து புதுக் காலணி வாங்கும்போது நம்மிற் பலர் காலைத் தறிக்கவே உடன்படுகிறோம். விரல்கள் நெருக்குண்கின்றன, குதிகால் தூக்கி நிறுத்தப்படுகிறது, ‘போகப் போகப் பழகிவிடும்’ என்று கடைக்காரர் கூற, நாமும் தலையசைக்கிறோம். சமவெளியில் இப்பிழை பொறுக்கத்தக்கது. குளிரும் ஈரமும் மிக்க மலைச்சரிவில் அது பொறுக்கத்தக்கதன்று. இதனை நான் நூலாற் கற்றிலேன், காலாற் கற்றேன்.

என் ஊர் எருத்தேன்பதி. பாலக்காட்டு மாவட்டத்தின் கீழெல்லையில், சித்தூர் வட்டத்தில் உள்ளது. கேரளம் என்றதும் மழையையும் பசுமையையும் நினைப்பவர் எங்கள் ஊரைக் கண்டால் வியப்பர். வறண்ட காற்றும், கரிசல் மண்ணும், தமிழ்ப் பேச்சும் உடைய எல்லைப்புறம் அது. என் பாட்டனார் லாரி டயரில் வெட்டித் தைத்த செருப்பையே நெடுங்காலம் அணிந்தார். குதியின் கீழ் எத்துணைத் தடிப்போ, விரல்களின் கீழும் அத்துணைத் தடிப்பே. பல்கலைக்கழக மாணவனாகிவிட்ட எனக்கு அச்செருப்பைக் காணச் சற்றே நாணமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இந்நிலையில் இடுக்கி மாவட்டத்து இரவிகுளத்தில் வரையாடுகளை எண்ணும் பணிக்குத் தொண்டனாகச் செல்லும் வாய்ப்பு வந்தது. பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியே மூணாறு சேரும் சாலையிற் சென்றேன். தமிழ்நாட்டைக் கடந்து மறுபடியும் கேரளத்துள் நுழைவதற்குள் வெயில் போய்க் குளிர் வந்துவிடுகிறது. காலில் ‘வேட்டைக்காரர் விரும்புவது’ என்று விளம்பரம் செய்யப்பெற்ற, குதி உயர்ந்த, கனத்த பூட்சு. அதன் விலையை எண்ணி நான் பெருமிதங் கொண்டிருந்தேன்.

வேட்டைக்கும் இரவிகுளத்துக்கும் தொடர்பு உண்டு. தேயிலைத் தோட்டத் துரைமார்கள் அப்புல்வெளிகளைத் தங்கள் வேட்டைக் காடாக வைத்திருந்தனர். வேட்டையை ஒழுங்குபடுத்த 1928இல் ஒரு சங்கமே அமைத்தனர். முதுவர் என்னும் மலைமக்களே அவர்கட்கு வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் இருந்தனர். 1971இல் அரசு அந்நிலத்தை மீட்டது. 1975இல் அது சரணாலயமாயிற்று. 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பின் துப்பாக்கிக்கு அங்கே வேலையில்லை. ஆயினும் வேட்டைக்காரனின் நடை ஒழியவில்லை. ஓசையின்றி நடத்தல், வழுக்காமல் இறங்குதல், விலங்கு நம்மைக் காணுமுன் நாம் அதனைக் காணுதல் ஆகிய மூன்றும் இன்று எண்ணுவோர்க்கு உரிய கலைகள். பழந்தமிழ் நூல்கள் வருடை என்று வழங்கும் அவ்வாட்டை 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் கேரளமும் ஒரே காலத்தில் எண்ணின. இரு மாநிலங்களிலுமாக இருந்தவை 2,600க்குச் சற்று மேற்பட்டவையே. இத்துணைச் சிறிய இனத்தில் ஒவ்வொரு தலையும் கணக்கிற்கு உரியது.

முதல் நாள் ஏற்றத்தில் என் பூட்சு நன்றாகவே உழைத்தது. பிற்பகலில் மூடுபனி இறங்கிற்று, பின் மழை. நனைந்த புற்சரிவில் இறங்கத் தொடங்கினோம். ஒவ்வோர் அடிக்கும் விரல்கள் பூட்சின் முனையில் மோதின. குதியோ பின்னிருந்து தள்ளிற்று. எங்களுடன் வந்த முதுவர் ஒருவர் சிறிது நேரம் என்னையே நோக்கிவிட்டு, “தம்பி, உன் செருப்பு உனக்கு முன்னாலே கீழே இறங்கப் பாக்குதே!” என்றார். சிரித்தேன். பத்தடி செல்வதற்குள் கணுக்கால் பிறழ்ந்தது. அவர் தோளைப் பற்றியே எஞ்சிய வழியைக் கடந்தேன். ஒரு பகுதியைப் பன்முறை எண்ணி ஒப்பிடுவது அங்குள்ள முறை. எங்கள் பகுதியில் அன்று மாலை எண்ண வேண்டியது என் காலால் எண்ணப்படாமற் போயிற்று. வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்தது; அந்த வெற்றுக் கட்டம் இன்றும் உறுத்துகிறது.

ஊர் திரும்பியபின் காரணத்தை ஆராயத் தலைப்பட்டேன். குதியும் முன்பாதமும் ஒரே மட்டத்தில் நிற்கும் காலணியை இக்காலத்தார் ‘ஸீரோ டிராப்’ என்பர். நாம் ‘சமவடிக் காலணி’ எனலாம். வழக்கமான ஓட்டக் காலணியிற் குதி 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை உயர்ந்திருக்கும். கனத்த பூட்சுகளில் அதனினும் மிகும். உயர்ந்த குதி குதிரைவீரர்க்குப் பயன்பட்டது. அங்கவடியிற் கால் நழுவாது காத்தது. குதிரையில்லாத நமக்கு அது என்ன செய்கிறது?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். குதிக்கும் முன்பாத மேட்டுக்கும் இடையே 18 சென்டிமீட்டர் எனக் கொள்க. குதி 25 மில்லிமீட்டர் உயர்ந்தால் பாதம் ஏறத்தாழ 8 பாகை முன்சாயும். ஆகவே 20 பாகைச் சரிவில் இறங்குபவன் கால் 28 பாகைச் சரிவில் இறங்குகிறது! என் விரல்கள் மோதியதன் பொருள் இதுவே. ஏற்றத்தில் நிலைமை மாறும். 20 பாகை 12 பாகையாகக் குறையும். உயர்ந்த குதி ஏறும்போது நண்பனாகவும் இறங்கும்போது பகைவனாகவும் நடந்துகொள்வது இதனாலேதான். சமவடியோ இரண்டிலும் உண்மை பேசும். ஏற்றத்தின் சுமையைக் கெண்டைக்காலே தாங்க வேண்டும்.

இங்கு ஒரு மயக்கத்தை நீக்க வேண்டும். சமவடி வேறு, மெல்லடி வேறு. இரு முனையும் 30 மில்லிமீட்டர் தடித்த அடியும் சமவடியே. ஆனால் நிலத்தினின்று கால் உயர உயரக் கணுக்கால் பிறழ்வதும் எளிதாகும். காலடியில் இருப்பது கல்லா வேரா என்று உணர்வதும் அரிதாகும். சுள்ளி முறியும் ஓசையால் விலங்கு ஓடாதிருக்க வேண்டுமாயின் முறியுமுன் பாதம் அதனை உணர வேண்டும். ஆகவே மட்டமாகவும் ஓரளவு மெல்லியதாகவும் இருக்கும் அடியே இப்பணிக்கு உகந்தது.

மட்டமாயிருந்தால் மட்டும் போதுமா? போதாது. உயர்ந்த குதியின் முன்விளிம்பு சேற்றிற் பதிந்து தடையாக உதவும். சமவடியில் அவ்விளிம்பு இல்லை. அதற்கு ஈடாக அடியில் ஆழ்ந்த பற்கள் வேண்டும். 1935இல் ஆல்ப்ஸ் மலையில் தம் தோழர் அறுவரை இழந்த இத்தாலியர் விதாலே பிராமணி, காலணியின் குறையே அதற்கு ஒரு காரணம் எனக் கருதி, பற்கள் அமைந்த ரப்பர் அடியை உருவாக்கினார். ‘விப்ரம்’ என்னும் பெயர் அவர் பெயரிலிருந்து பிறந்ததே. வழவழப்பான அடியுடைய சமவடியை அணிந்து நனைந்த புல்லில் இறங்குவது, நெய் தடவிய பலகையில் நிற்பதை ஒக்கும்.

இனி ஈரமும் குளிரும். நீர் புகாத காலணியே சிறந்தது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் முழங்காலளவு நனைந்த புல்லில் நடக்கும்போது நீர் மேல்வாய் வழியே புகும்; புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தங்கும். ஓரிரு மணி நேரம் நடந்து திரும்புவோர்க்கு நீர் புகாதது நன்று. நாள் முழுதும் ஓடைகளைக் கடந்து நடப்போர்க்கு, புகுந்த நீர் விரைவில் வடியும் காலணியும் கம்பளிக் காலுறையுமே நன்று. பருத்தி நனைந்தால் குளிரும். கம்பளி நனைந்தும் ஓரளவு வெப்பங் காக்கும். உலர்ந்த காலுறை ஒரு சோடி பையில் எப்போதும் இருத்தல் வேண்டும். இரவில் கால் உலர்ந்தே ஆகவேண்டும்.

இது சிறு செய்தியன்று. முதல் உலகப் போரில், 1914ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பிரித்தானியப் படையில் ஆயிரக்கணக்கானோர் பதுங்குகுழியின் ஈரத்தாற் பாதம் அழுகித் துன்புற்றனர். அந்நோய்க்கு உறைபனி வேண்டியதில்லை. 15 பாகை செல்சியஸ் அளவிலும், நெடுநேரம் நனைந்த காலை அது பற்றும். மூணாற்று மழைநாள் அதற்குப் போதும்.

‘அப்படியானால் வெறுங்காலே சிறந்ததோ?’ என்பார் சிலர். 2010இல் ஹார்வர்டுப் பேராசிரியர் டேனியல் லீபர்மனும் துணைவரும் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டனர். வெறுங்காலிற் பழகியவர் பலர் ஓடும்போது முன்பாதத்தை முதலில் ஊன்றுகின்றனர் என்றும், அதனால் மோதல் குறைகிறது என்றும் கண்டனர். அவ்வாய்வு ஓட்டத்தைப் பற்றியது; மலை நடைக்கு அதனை அப்படியே பொருத்துதல் தகாது. மேலும் நம் காட்டில் முள்ளுண்டு, குழிவிரியன் உண்டு. எலிக்காய்ச்சற் கிருமி ஈரமண்ணிலிருந்து காற்புண் வழியே உடலுட் புகும். சோலைகளில் அட்டையும் உண்டு. நெருங்க நெய்த அட்டைக் காலுறை முழங்கால் வரை வேண்டும்.

வாங்க விரும்புவோர்க்குச் சில சொற்கள். மாலையிற் கடைக்குச் செல்க; அப்போது கால் சிறிது விரிந்திருக்கும். ஒரு தாளில் வெறுங்காலை வைத்துக் கோடிட்டு, அதன்மேற் காலணியை வைத்துப் பார்க்க; விரற்கோடு வெளியே தெரிந்தால் அது உமக்கு உரியதன்று. கம்பளிக் காலுறையுடன் அணிந்து, விரல்களை விரிக்க இயலுமா என நோக்குக. வெளித்தோற்றத்தை நம்பாமல், குதியிலும் முன்பாதத்திலும் உள்ளும் புறமுமாக இரு விரலாற் பற்றித் தடிப்பை ஒப்பிடுக. எல்லாவற்றினும் முக்கியம், மலையில் அதனைப் புதிதாக அணியாதிருத்தல். உயர்ந்த குதியிற் பழகிய கெண்டைத்தசையும் குதிநரம்பும் ஒரே நாளில் நீளா. முதலில் நாளுக்கு அரைமணி சமநிலத்தில் நடந்து, இரண்டு மூன்று மாதங்களிற் படிப்படியாக மேட்டுக்குச் செல்லுதல் அறிவுடைமை. குதியில் நோவு தோன்றினால் நிறுத்துக.

அடுத்த விடுமுறையில் பாட்டனாரின் செருப்பைத் தேடி எடுத்தேன். டயர்ப் பற்கள் தேய்ந்திருந்தன. அடி மட்டமாகவே இருந்தது. அதனை அணிந்து வரப்பில் நடந்து பழகுகிறேன். மலைக்கு அது போதாது என்பதை அறிவேன். அதற்குப் பற்களுடைய சமவடி ஒன்று வாங்கியுள்ளேன். அடுத்த கணக்கெடுப்பிற்கு நம் மன்றத்தார் எவரேனும் வருவராயின் இப்போதே நடக்கத் தொடங்குக. நான் விட்டுவந்த சரிவை இம்முறை எண்ணி முடிக்க வேண்டும்.