மணியாச்சியில் ஓடிப்போன இன்னொரு ஆள்

(ஒன்பதாம் வகுப்பு மாணவி)



போன மாசம் இதே சுவர்ல பத்தாம் வகுப்பு அண்ணன் ஒருத்தர், 1888-இல் லண்டனில் நடந்த கொலைகளைப் பத்தி எழுதியிருந்தார். ‘ஜாக் தி ரிப்பர்’னு பேர் மட்டும் வச்சாங்களே தவிர ஆள் யாருன்னு கடைசி வரைக்கும் கண்டுபிடிக்கலை. இண்டர்வெல்ல அதைப் படிக்க அவ்வளவு கூட்டம். நானும் முண்டியடிச்சுத்தான் படிச்சேன். படிச்சதும் எனக்குத் தோணினது இதுதான்: மர்மம் வேணும்னா லண்டனுக்கு ஏன் போகணும்? நம்ம செங்கோட்டைக்காரர் செய்த ஒரு கொலையில், 1911-இல் ஓடிப்போன ஒரு ஆள் இன்னைக்கு வரைக்கும் கிடைக்கலையே!

செங்கோட்டைன்னதும் எல்லாரும் வாஞ்சிநாதன்னு சொல்லிடுவீங்க. சிலை இருக்கு, மணிமண்டபம் இருக்கு, பாடத்திலும் வருது. ஆனா நான் எழுத வந்தது அவரோட கூட வந்தவரைப் பத்தி. இன்னொரு காரணமும் இருக்கு. போன சுதந்திர தினத்துக்கு நான் இந்தப் பள்ளிக்கூட மேடையில் வாஞ்சிநாதனைப் பத்திப் பேசி முதல் பரிசு வாங்கினேன். ஒரு டிபன் பாக்ஸ். அந்தப் பேச்சில் நான் ஒரு தப்பு செஞ்சிருக்கேன். அது என்னன்னு பின்னாடி வரும்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

1911 ஜூன் 17. சனிக்கிழமை. திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் ஆஷ், தன் மனைவியோடு காலை ஒன்பதரை மணி ரயிலில் திருநெல்வேலியில் ஏறினார். அவங்க பிள்ளைங்க நாலு பேரும் கொடைக்கானல்ல இருந்தாங்க. அவங்களைப் பார்க்கத்தான் பயணம். 10.38-க்கு ரயில் மணியாச்சி வந்து நின்னது. அங்கே போட் மெயிலுக்காகக் காத்திருக்கணும்.

போட் மெயில்னா இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ராமேஸ்வரம் ரயில்தான் தெரியும். அப்போ பாம்பன் பாலம் கிடையாது. பாலம் 1914-இல்தான் திறந்தாங்க. அதுக்கு முன்னாடி கொழும்பிலிருந்து கப்பலில் தூத்துக்குடி வந்து, அங்கிருந்து ரயில் ஏறி மெட்ராஸ் போவாங்க. அந்த ரயில்தான் போட் மெயில். தூத்துக்குடி பாதையும் திருநெல்வேலி பாதையும் சேருகிற இடம் மணியாச்சி. அதனால்தான் அங்கே பத்து நிமிஷம் காத்திருப்பு. அந்தப் பத்து நிமிஷத்தில்தான் எல்லாம் நடந்து முடிஞ்சது.

முதல் வகுப்புப் பெட்டியில் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்திருக்காங்க. ரெண்டு பேர் பெட்டிப் பக்கம் வாராங்க. ஒருத்தர் நல்லா உடுத்தி, குடுமி வச்சவர். இன்னொருத்தர் வேட்டி கட்டின வாலிபர். குடுமி வச்சவர் பெட்டியில் ஏறி, பிரௌனிங் கைத்துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். ஆஷ் மார்பில் குண்டு பாய்ஞ்சு விழுந்தார். காத்து பலமா அடிச்சதால வெடிச் சத்தம் சரியாக் கேக்கலையாம். இது எனக்கு ஆச்சரியமா இல்லை. ஆனி மாசத்தில் ஆரியங்காவு கணவாய் வழியா வாரதுதான் நமக்குக் குற்றாலச் சாரல். அதே காத்து கிழக்கே போய்க் கயத்தாறு, மணியாச்சிப் பக்கம் வெறும் புழுதியாத்தான் அடிக்கும். கயத்தாறு பக்கம் அத்தனை காத்தாடி நிக்கிறதும் அந்தக் காத்தை நம்பித்தான்.

சுட்டவர் பிளாட்பாரத்தில் ஓடி, அங்கிருந்த கக்கூசுக்குள்ளே போனார். அப்புறம் பார்த்தா வாயில் சுட்டுக்கிட்டுச் செத்துக் கிடந்தார். அவர்தான் வாஞ்சி ஐயர். வயசு 25. புனலூரில் திருவிதாங்கூர் காட்டிலாகாவில் வேலை பார்த்தவர். வீட்டில் பொன்னம்மாள் என்ற மனைவி.

வேட்டி கட்டின வாலிபர்? அவர் போனவர் போனவர்தான்.

நான் ஒரு தடவை தூத்துக்குடி அத்தை வீட்டுக்குப் போகும்போது ரயில் அந்த ஸ்டேஷனில் நின்னது. இப்போ அதுக்குப் பேர் வாஞ்சி மணியாச்சி. ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். சுத்தி எங்கே பார்த்தாலும் பொட்டல். நம்ம ஊர் மாதிரி மலையோ, தோப்போ, ஒளிஞ்சுக்க ஒரு இடமோ கண்ணுக்குத் தெரியலை. பட்டப்பகல் பதினொரு மணிக்கு இந்த வெட்டவெளியில் ஒரு ஆள் எப்படி ஓடித் தப்பியிருப்பார்னு அப்போதான் எனக்கு முதல் முதலாத் தோணுச்சு. வெள்ளைக்காரக் கலெக்டரைச் சுட்ட கேஸ். மாகாணப் போலீஸ் முழுக்கத் தேடியிருக்கு. அப்பவும் கிடைக்கலை!

போலீஸ் அவர் பேரைக் கண்டுபிடிச்சிட்டாங்க. ஓட்டப்பிடாரம் மாடசாமி. ஓட்டப்பிடாரம் யார் ஊர்னு உங்களுக்குத் தெரியும், கப்பலோட்டிய தமிழன் வ.உ.சி.யின் ஊர். பேர், ஊர் எல்லாம் தெரிஞ்சும் ஆள் சிக்கலை. லண்டன் கதைக்கு இது நேர் தலைகீழ். அங்கே கொலை இருக்கு, பேர் இல்லை. இங்கே பேர் இருக்கு, ஆள் இல்லை.

வாஞ்சியும் மாடசாமியும் எப்படிச் சேர்ந்தாங்க? இங்கேதான் நம்ம தென்காசி வருது. சீர்காழிப் பக்கம் எருக்கூரைச் சேர்ந்த நீலகண்ட பிரம்மச்சாரி என்பவர் ஊர் ஊராப் போய் ரகசியச் சங்கம் சேர்த்தார். பாரத மாதா சங்கம்னு பேர். 1910-இல் தென்காசியில் மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளை வீட்டில் அந்தச் சங்கக் கூட்டம் நடந்திருக்கு. காளி படத்துக்கு முன்னாடி குங்குமத் தண்ணியை வெள்ளைக்காரன் ரத்தம்னு நினைச்சுக் குடிச்சு சத்தியம் செய்வாங்களாம். நாம தேர் பார்க்கப் போற, புரோட்டா வாங்கப் போற தென்காசித் தெருவிலே இது நடந்திருக்கு! செங்கோட்டை அப்போ திருவிதாங்கூர் மகாராஜா சீமை. தென்காசி பிரிட்டிஷ்காரன் சீமை. புதுச்சேரியோ பிரெஞ்சுக்காரன் சீமை. அங்கே பாரதியார், வ.வே.சு. ஐயர், அரவிந்தர் எல்லாரும் பிரிட்டிஷ் போலீஸ் கைக்கு எட்டாம இருந்தாங்க. வாஞ்சி லீவு போட்டுட்டு அங்கே போய் வ.வே.சு. ஐயரிடம் துப்பாக்கி சுடப் பழகினார். அந்த ஐயர் அதுக்கு முன்னாடி லண்டனில் சாவர்க்கரோட இருந்தவர். 1909-இல் நாசிக் கலெக்டர் ஜாக்சனைச் சுட்டதும் இதே பிரௌனிங் வகைத் துப்பாக்கியில்தான். ஆக, மணியாச்சிக் குண்டுக்கு வேர் ரொம்ப தூரம் போகுது.

சரி, ஏன் ஆஷைச் சுட்டாங்க? இங்கேதான் என் தப்பு.

என் பேச்சில் நான் சொன்னது: “குற்றாலத்தில் வெள்ளைக்காரர்கள் குளிக்கும்போது இந்தியர்கள் குளிக்கக் கூடாது என்று ஆஷ் தடை போட்டான், அதனால் வாஞ்சிநாதன் பொங்கி எழுந்தார்.” கைதட்டல் பறந்தது. இதை எனக்குச் சொன்னது எங்க ஆச்சி. “ஏட்டி, நம்ம அருவியில நம்மளையே குளிக்க விடலையாம்”னு சொல்லுவா. கேட்ட உடனே எனக்குக் கோபம் வந்துடுச்சு, அப்படியே எழுதிட்டேன்.

பேச்சு முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சு எங்க சித்தப்பா வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியைக் காட்டினார். அதில் நேர் எதிரா இருந்தது. குற்றாலத்தில் எல்லா சாதியும் குளிக்கலாம்னு ஆஷ் உத்தரவு போட்டாராம். செங்கோட்டையில் பிரசவ வலி வந்த ஒரு ஏழைப் பொம்பளையை அக்ரகாரத் தெரு வழியா வண்டியில் கூட்டிட்டுப் போனாராம். அந்தக் கோபத்தில்தான் கொன்னாங்களாம். அதைப் படிச்சதும் எனக்கு அதுக்கும் கோபம் வந்தது! ஒரே ஆள், ஒரே அருவி. ஒரு கதையில் கதவை அடைக்கிறார், இன்னொரு கதையில் திறக்கிறார். ரெண்டும் எப்படி உண்மையா இருக்கும்?

சமூக அறிவியல் டீச்சரிடம் போய்க் கேட்டேன். டீச்சர் பதில் சொல்லலை. “யார் பார்த்தது, எங்கே எழுதி வச்சிருக்குன்னு தேடு”ன்னு சொல்லி, தென்காசி நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துக் கொடுத்தாங்க. நான் தேடினவரைக்கும் ரெண்டு கதைக்கும் அந்தக் காலத்து ஆதாரம் கிடைக்கலை. இன்னொன்றும் தெரிஞ்சது. செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்ததே 1956 நவம்பர் 1-இல்தான். அதுவரை திருவிதாங்கூர், கேரளா பக்கம். திருநெல்வேலி கலெக்டருக்கு செங்கோட்டைத் தெருவில் அதிகாரமே கிடையாது. அதனால் அப்படி நடந்திருக்கவே முடியாதுன்னு நான் சொல்லலை. வண்டியில் யாரும் எங்கேயும் போகலாமே. ஆனா மேடையில் சொல்லுற அளவுக்கு அது உறுதி இல்லை. அருவிக் கதையும் அப்படித்தான்.

எழுதி வச்சிருக்கிறது வேறே. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சார். 1908 மார்ச் 12-இல் அவரையும் சுப்பிரமணிய சிவாவையும் கைது பண்ணினாங்க. மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தாங்க. அப்போ தூத்துக்குடியில் அதிகாரியா இருந்தவர் ஆஷ். கப்பல் கம்பெனியையும் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தையும் ஒடுக்கியதில் அவருக்குப் பங்கு இருந்தது. சங்கத்துக்காரங்க கோபத்துக்கு இதைத்தான் பெரும்பாலோர் காரணமாச் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் சரின்னு படுது.

ஆனா வாஞ்சி சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. கொலை செஞ்சவரே எழுதி வச்ச காரணம்! அதில் குற்றாலம் இல்லை. செங்கோட்டைத் தெரு இல்லை. வ.உ.சி. கப்பலும் இல்லை. ஆங்கிலேயர் நாட்டைப் பிடிச்சு தர்மத்தை அழிக்கிறாங்க, ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்ட ஏற்பாடு நடக்குது, அவர் இங்கே வந்து இறங்கினதும் கொல்ல 3000 மதராசிகள் சத்தியம் செஞ்சிருக்கோம், அதை எல்லாருக்கும் தெரிவிக்கத்தான் இதைச் செய்தேன் என்று இருக்கிறது. லண்டனில் முடிசூட்டு விழா அந்த ஜூன் 22-ஆம் தேதி. அஞ்சே நாள்தான் இருந்தது.

அந்தக் கடிதத்தில் ராஜாவை ‘ஜார்ஜ் பஞ்சமன்’ என்று எழுதியிருக்கிறார். அந்தச் சொல்லைப் படிச்சதும் நான் பேனாவை மூடி வச்சிட்டேன். எங்க தெரு ஆட்களை ஒரு காலத்தில் அப்படித்தான் கூப்பிட்டாங்கன்னு எங்க தாத்தா சொல்லியிருக்கார். டீச்சர்தான், பஞ்சமன்னா ஐந்தாமவன்னும் அர்த்தம், ஐந்தாம் ஜார்ஜைச் சொல்லியிருக்கலாம்னு விளக்கினாங்க. படிச்சவங்களே இதில் ரெண்டு கட்சியா இருக்காங்களாம். செத்தவரை எழுப்பிக் கேக்க முடியாது. சிலையைப் பார்க்கும்போது இப்போ எனக்கு மரியாதையும் வருது, அந்தக் கேள்வியும் வருது.

3000 பேர்னு எழுதினாரே, என்ன ஆச்சு? 1911 டிசம்பர் 12-இல் டெல்லியில் தர்பார் நடந்தது. ஜார்ஜ் ராஜா வந்தார், பத்திரமாத் திரும்பிப் போனார். போலீஸ் வழக்குப் போட்டது 14 பேர் மேல். தேடுதலில் மாட்டாம இருக்க ரெண்டு பேர் உயிரை விட்டுட்டாங்க. நீலகண்ட பிரம்மச்சாரி கொலை நடந்தப்போ இந்தப் பக்கமே இல்லை. இருந்தாலும் அவர்தான் முதல் எதிரி. 1912-இல் மெட்ராஸ் ஹைகோர்ட் 7 வருஷம் தண்டனை கொடுத்தது. பிற்காலத்தில் அவர் சாமியாராகி, மைசூர் பக்கம் நந்தி மலையில் வாழ்ந்து 1978-இல் காலமானார். அவ்வளவு வருஷம் இருந்த மனுஷன்!

ஆஷை அடக்கம் செய்தது பாளையங்கோட்டையில். தூத்துக்குடியில் அவருக்கு ஒரு மண்டபமும் இருக்கு. வாஞ்சிக்கு செங்கோட்டையில் மண்டபம். சுட்டவருக்கும் மண்டபம், சுடப்பட்டவருக்கும் மண்டபம். மாடசாமிக்கு மட்டும் பிறந்த ஊர் தெரியும், செத்த ஊர் தெரியாது. புதுச்சேரிக்குத் தப்பினார், அங்கிருந்து கப்பலேறினார் என்று ஒரு பேச்சு. கடலில் போனார் என்று ஒரு பேச்சு. கப்பல் கதைதான் எனக்குப் பிடிச்சது. ஆனா பிடிச்சிருக்குங்கிறதுக்காக நம்பினா மறுபடியும் டிபன் பாக்ஸ் கதைதான். அவருக்கும் ஒரு அம்மா ஓட்டப்பிடாரத்தில் காத்திருந்திருப்பா. கோர்ட்டில் 14 பேர் வீட்டுக்காரங்களுக்குத் தங்க பிள்ளை எங்கே இருக்கான்னாவது தெரியும். அந்த அம்மாவுக்கு அதுவும் இல்லை.

டிபன் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். தலைமை ஆசிரியர் வாங்கிக்கலை, இதை எழுதிப் போடச் சொன்னார். ஆச்சியிடமும் சொன்னேன். “எங்க அம்மா சொன்னாட்டி, எங்க அம்மாவுக்கு யார் சொன்னான்னு நான் கேக்கல”ன்னு சொன்னா.

இந்தத் தாளுக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கேன். உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது மணியாச்சி பத்தியோ மாடசாமி பத்தியோ ஏதாவது சொல்லியிருந்தால் பென்சிலில் எழுதுங்க. யார் சொன்னாங்க, அவங்களுக்கு யார் சொன்னதுன்னும் பக்கத்திலேயே எழுதணும். பென்சில் நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கு, தயவுசெய்து எடுத்துட்டுப் போயிடாதீங்க.