வட்ஸ்அப்பில் வரும் ஆய்வுப் படிவம்: நிரப்ப முன்னர் கேட்க வேண்டியவை

தர்மபுரம் போன்ற ஒரு கிராமத்தின் வட்ஸ்அப் குழுவில் கூகுள் படிவம் ஒன்று பகிரப்பட்டால், “இது எதுக்கான பதிவு?” என்றுதான் முதலில் கேட்பார்கள். அப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2009இல் மெனிக் பாமில் குடும்ப விபரம் எடுத்தார்கள். மீள்குடியேற்றத்தின்போது எடுத்தார்கள். வீட்டுத்திட்டப் பயனாளிகளைத் தெரிவுசெய்ய எடுத்தார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2010இல் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவிலும், 2013இல் அமைக்கப்பட்ட பரணகம ஆணைக்குழுவிலும், 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகளுக்கான கலந்தாலோசனைச் செயலணியிலும் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வன்னியில் படிவம் என்றால் ஒன்றில் நிவாரணம், இல்லாவிட்டால் விசாரணை.

ஆய்வு இந்த இரண்டிலும் சேராது. ஒரு பல்கலைக்கழகமோ மாணவரோ நிறுவனமோ அறிவுத் தேவைக்காகத் தகவல் திரட்டுவதே ஆய்வு. அதில் பங்கேற்பதால் வீடு கிடைக்காது. பங்கேற்க மறுப்பதால் கிடைக்கவிருந்த உதவி நிற்கவும் கூடாது. இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லாமல் பெறப்படும் சம்மதம் உண்மையான சம்மதம் அல்ல.

ஆட்களை எப்படிச் சேர்க்கிறார்கள்?

மேற்கு நாடுகளில் இதற்கென்றே இணையத்தளங்கள் இருக்கின்றன. 2005இல் தொடங்கிய அமேசானின் மெக்கானிக்கல் டர்க், 2014இல் தொடங்கிய ப்ரொலிபிக் போன்றவற்றில் மக்கள் தாமாகவே பதிவுசெய்து, செலவிடும் நேரத்துக்குக் கொடுப்பனவு பெறுகிறார்கள். வன்னியில் போரால் பாதிக்கப்பட்ட ஒருவரை அங்கே தேடிப் பிடிப்பது கடினம். ஆகவே ஆய்வாளர்கள் வேறு வழிகளை நாடுகிறார்கள்.

ஒன்று, பேஸ்புக் விளம்பரம். மற்றொன்று, ‘பனிப்பந்து முறை’. ஒருவர் நிரப்பிவிட்டுத் தனக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்ப, அவர்கள் இன்னும் சிலருக்கு அனுப்புவார்கள். மூன்றாவது, ஊரில் உள்ள ஒருவர் ஊடாகச் செல்வது. மாதர் சங்கத் தலைவி, ஆசிரியர், தொண்டு நிறுவனக் கள உத்தியோகத்தர் போன்றோர் அந்த இணைப்பைப் பகிர்வார்கள்.

மூன்றாவது வழியில்தான் சிக்கல் அதிகம். உதவித் திட்டத்துக்குப் பெயர் எழுதுபவரே ஆய்வுக்கும் ஆள் கேட்டால், “வேண்டாம் அக்கா” என்று சொல்வது எளிதல்ல. பொறுப்பான ஆய்வாளர் அந்த இடைத்தரகரைத் தகவல் சொல்வதோடு நிறுத்தச் சொல்வார். யார் நிரப்பினார்கள், யார் நிரப்பவில்லை என்பது அவருக்குத் தெரியவராதபடி பார்த்துக்கொள்வார்.

யாருடைய குரல் விடுபடுகிறது?

2009 ஜூலை முதல் செப்டெம்பர் வரை யாழ். மாவட்டத்தில் உளநலம் பற்றிய கணக்கெடுப்பு ஒன்று நடத்தப்பட்டது. இரண்டு இடம்பெயர்ந்தோர் முகாம்கள் உட்பட 1517 குடும்பங்கள் மாதிரியாகத் தெரிவு செய்யப்பட்டன. 92 வீதமானோர் பதிலளித்தனர். 22.2 வீதமானோரிடம் மனச்சோர்வு அறிகுறிகள் காணப்பட்டன. தெரிவு ஓர் ஒழுங்குமுறைப்படி நடந்ததால்தான் அந்த எண்ணை முழு மாவட்டத்துக்கும் பொருத்திப் பார்க்க முடிந்தது.

வட்ஸ்அப் இணைப்புக்கு அந்தப் பலம் இல்லை. கைத்தொலைபேசி இல்லாத முதியவர், டேட்டா போடக் காசில்லாதவர், எழுத்து வாசிக்கச் சிரமப்படுபவர், எந்தக் குழுவிலும் இல்லாதவர் ஆகியோர் தொடக்கத்திலேயே விடுபடுகிறார்கள். பெரும்பாலும் அதிகம் பாதிக்கப்பட்டவர்களும் இவர்களே. அத்தகைய ஆய்வின் முடிவை ‘வன்னி மக்கள் இப்படி நினைக்கிறார்கள்’ என்று எழுதுவது தவறு.

பெயர் இல்லாவிட்டால் போதுமா?

“உங்கள் பெயர் கேட்கப்படாது” என்று பல படிவங்கள் உறுதியளிக்கின்றன. ஆனால் பெயர் இல்லாமலும் ஒருவரை அடையாளம் காணலாம். தர்மபுரம், வயது 43, பெண் தலைமைத்துவக் குடும்பம், 2009இல் கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர், இரண்டு பிள்ளைகள், தையல் தொழில் என்ற ஆறு பதில்கள் சேர்ந்தால் ஊரில் உள்ள எவருக்கும் அது யாரென்று தெரிந்துவிடும். கொழும்பிலோ லண்டனிலோ இலட்சக்கணக்கானோருக்குள் மறைந்துவிடும் ஒரு விபரம், கண்டாவளைப் பிரதேசத்தில் ஒரு வீட்டு வாசலையே காட்டிக்கொடுக்கும். முன்னாள் போராளிகள், காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள், வன்முறைக்கு உள்ளான பெண்கள் ஆகியோருக்கு இது பாதுகாப்புப் பிரச்சினை. கிராமத்தின் பெயருக்குப் பதிலாக மாவட்டத்தையும், சரியான வயதுக்குப் பதிலாக வயதுப் பிரிவையும் மட்டும் கேட்பது ஆய்வாளரின் கடமை.

நேரில் வரும் ஆய்வாளர், எதிரில் இருப்பவர் அழத் தொடங்கினால் நிறுத்துவார். இரவில் தனியே கைத்தொலைபேசியில் முள்ளிவாய்க்கால் பற்றிய கேள்விக்குப் பதில் எழுதுபவரை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே கேள்விகள் எதைப் பற்றியவை என்று முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும். உதவி பெறும் வழியும் தரப்பட வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

நிரப்ப முன்னர் கேளுங்கள்

• ஆய்வை நடத்துபவர் யார், எந்த நிறுவனம், பணம் கொடுப்பவர் யார்?
• ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி உண்டா? யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அத்தகைய குழு இயங்குகிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. அனுமதி இலக்கத்தைக் கேட்கலாம்.
• பதில்கள் எங்கே, எவ்வளவு காலம் வைத்திருக்கப்படும்? யார் பார்ப்பார்கள்?
• விரும்பாத கேள்வியைத் தவிர்க்க முடியுமா? இடையில் விலகினாலும் வாக்களித்த ரீலோட் அல்லது கொடுப்பனவு கிடைக்குமா?
• முடிவுகள் தமிழில் எமக்குத் திரும்பி வருமா?

தேசிய அடையாள அட்டை இலக்கம், வங்கி அட்டை விபரம், தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கம் ஆகியவற்றைக் கேட்கும் ‘ஆய்வை’ உடனே மூடிவிடுங்கள்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இனம், அரசியல் கருத்து, உடல்நலம் பற்றிய தகவல்களை விசேட பாதுகாப்புக்குரியவையாகக் கொள்கிறது. கொடுத்த சம்மதத்தை மீளப்பெறவும் அது இடமளிக்கிறது. ஆனால் அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த நிலையில் பிற்போடப்பட்டன. ஆகவே இப்போதைக்குச் சட்டத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது.

இதற்காக ஆய்வுகளை எல்லாம் ஒதுக்கிவிட வேண்டும் என்பதில்லை. வன்னி மக்களின் கூட்டு மனவடு பற்றி உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இல் வெளியிட்ட ஆய்வு, இடம்பெயர்ந்தவர்கள் மனந்திறந்து பேசியதால்தான் சாத்தியமானது. குடும்பமும் கிராமமும் சேர்ந்தே காயப்பட்டன என்பதை அது பதிவு செய்தது. அப்படியான ஆய்வு இன்னும் தேவை. பங்கேற்க விரும்புபவர் கேள்விகளைக் கேட்டுத் தெளிந்த பின் பங்கேற்கலாம். விரும்பாதவர் காரணம் சொல்லத் தேவையில்லை. “இல்லை” என்ற ஒரு சொல் போதும்.