கதிர் எங்கே நின்றது?

மேசைமேல் வைக்கும் சிறிய லேசர் வெட்டுப்பொறியைப் பார்த்திருக்கிறீர்களா? அட்டையையும் மெல்லிய பலகையையும் கத்தியின்றி வெட்டும். அதன் தலை வழக்கம்போல் நகர்கிறது. ஆனால் அட்டையில் ஒரு கீறல்கூட விழவில்லை! என்ன செய்வீர்கள்? மூடியைத் திறக்கப் போகிறீர்களா? பொறுங்கள். கதிர் எப்படிப் பிறக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

பொறியினுள் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. அதில் கார்பன்-டை-ஆக்ஸைடு, நைட்ரஜன், ஹீலியம் வாயுக்கள் குறைந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டுள்ளன. மின்வழங்கி பல்லாயிரம் வோல்ட் கொடுத்ததும் வாயுவினூடே சில மில்லி-ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் கிளர்ச்சியுற்ற நைட்ரஜன் மூலக்கூறுகள் தம் ஆற்றலைக் கார்பன்-டை-ஆக்ஸைடுக்குத் தருகின்றன. அந்த ஆற்றலே 10.6 மைக்ரான் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிராக வெளிவருகிறது. ஆடிகள் அதைத் திருப்பிவிட, லென்சு ஒரு புள்ளியில் குவிக்கிறது. 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இவ்வகை லேசரை உருவாக்கியவர், மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல்.

ஆகவே கட்டளை, மின்வழங்கி, குழாய், ஆடிகள், லென்சு என ஒரு சங்கிலி இருக்கிறது. அறுந்த கண்ணி எது? நடுவில் சோதித்தால் பாதி வேலை மிச்சம்!

பல பொறிகளின் முகப்பில் ஒரு மில்லி-அம்மீட்டர் உண்டு. வெட்டும்போது முள் நகர்கிறதா? நகர்ந்தால் குழாயில் மின்னோட்டம் பாய்கிறது. குற்றம் குழாயிலோ அதற்கு அப்பாலோதான். பெரும்பாலும் ஆடியிலோ லென்சிலோ புகை படிந்திருக்கும். அல்லது ஆடியின் கோணம் மாறியிருக்கும்.

முள் அசையவில்லையா? குற்றம் பெரும்பாலும் குழாய்க்கு முன்னே. மூடி திறந்தால் ஒரு சாவி மின்சுற்றைத் துண்டிக்கும். குளிர்விக்கும் நீர் ஓடாவிட்டால் இன்னொன்று துண்டிக்கும். மூடி நன்றாகப் பொருந்தியிருக்கிறதா, நீர்க்குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மூடிய நிலையிலேயே முகப்பிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். இப்போது முள் நகர்ந்தால் மின்வழங்கி நலமே; கணிப்பொறியின் கட்டளைதான் வந்து சேரவில்லை. திறன் அளவு பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூடிச் சாவியை மட்டும் ஒரு கம்பியால் இணைத்து ஏமாற்றிவிடாதீர்கள்! அகச்சிவப்புக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் விழிவெண்படலத்தைச் சுட்டுவிடும். மின்வழங்கியையும் தொடாதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதன் மின்தேக்கிகளில் உயிருக்கு ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கலாம். அது பயிற்சி பெற்றவர் வேலை.

இப்போது ஒரு கேள்வி: முள் நகர்கிறது, ஆடிகளும் லென்சும் சுத்தமாக, சரியான கோணத்தில் உள்ளன, வெட்டு மட்டும் விழவில்லை. எந்தக் கண்ணியைச் சந்தேகிப்பீர்கள்? ஏன்?