நீரழுத்தச் சீராக்கி

மேல்நிலைத் தொட்டியின் நீர், ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்திற்கும் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் பெறுகிறது. எனவே 50 மீட்டர் உயர அடுக்குமாடியின் மேல்தளத்தில் மெல்ல வடியும் நீர், தரைத்தளக் குழாயில் ஏறத்தாழ 5 பார் அழுத்தத்துடன் நிற்கிறது. இணைப்புகள் கசிவதற்கும் குழாய்கள் அதிர்வதற்கும் இது காரணமாகிறது.

முதன்மை வால்வைப் பாதி மூடினால் போதாதா? போதாது. அது நீரோட்டத்தை மட்டுமே குறைக்கும். குழாய்களை மூடியதும் முழு அழுத்தமும் மீண்டும் நிறையும். சீராக்கியோ நீர் ஓடும்போதும் நிற்கும்போதும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும். வெளியேறும் பக்கத்தில் அழுத்தம் மிகுந்தால், அதனுள் இருக்கும் சவ்வு சுருள்வில்லை அமுக்கி வழியை அடைக்கும். அழுத்தம் குறைந்தால் வில் வழியைத் திறக்கும்.

பொருத்தும்போது முதன்மை வால்வை மூடிக் குழாயிலுள்ள நீரை வடித்துவிட வேண்டும். வால்வை அடுத்து வடிகட்டியும், அதனை அடுத்துச் சீராக்கியும், பின்னர் அழுத்தமானியும் அமைதல் வேண்டும். சீராக்கியின் மேலுள்ள அம்புக்குறி நீர் செல்லும் திசையை நோக்க வேண்டும். பிறகு அதன் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, 2 முதல் 3 பார் வரை அழுத்தத்தை அமைக்கலாம்.

நீர் மெலிந்து வந்தால் முதலில் வடிகட்டியைத் தூய்மை செய்க. எல்லாக் குழாய்களையும் மூடிய பின்னும் மானியின் முள் ஏறினால், வெந்நீர்க் கலனை அணைத்துவிட்டு மீண்டும் நோக்குக. சூடேறும் நீரும் அழுத்தத்தை உயர்த்தும். அப்போதும் ஏறினால், சீராக்கியின் அடைப்பில் மணல் சிக்கியிருக்கலாம். அல்லது அடைப்பு தேய்ந்திருக்கலாம். வில்லின் மூடியில் நீர் கசிந்தால் சவ்வு கிழிந்துள்ளது எனக் கொள்க.

குறை கண்டவுடன் திருகை முறுக்குதல் தவறு. காரணம் அறிந்த பின்னரே கருவியில் கைவைத்தல் வேண்டும்.