பேரப்பிள்ளைக்குப் பள்ளியில் தண்டனையா? தாத்தா பாட்டி தெரிந்துகொள்ள வேண்டியவை

பாரிட் புந்தார் வட்டாரத்தில் தாய், தந்தை இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் பல. பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் மத்தியானம் அழைத்து வருவதும் தாத்தா பாட்டியின் வேலையாகிவிடுகிறது. ஆகவே, "இன்றைக்கு டீச்சர் அடித்தார்" என்ற பேச்சு முதலில் உங்கள் காதில்தான் விழும். அப்போது நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பது பிள்ளைக்கு மிகவும் முக்கியம்.

உங்களில் பலர் தோட்டத்துப் பள்ளியில் படித்தவர்கள். "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் சார்" என்று பெற்றோரே ஆசிரியரிடம் சொல்லிவிட்டுப் போன காலம் அது. ஆசிரியர் மீது வைத்த அந்த மரியாதை நல்லதுதான். ஆனால், அவ்வளவு உரிமையைச் சட்டம் அன்றும் கொடுக்கவில்லை. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டிலிருந்தே பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைகள் உள்ளன. அவற்றின்படி பெண்பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கக் கூடாது. ஆண்பிள்ளை என்றாலும் மெல்லிய பிரம்புதான். உள்ளங்கையில் அல்லது உடையணிந்த பின்புறத்தில் மட்டும்தான். அதையும் தலைமையாசிரியர், அல்லது அவர் அதிகாரம் கொடுத்த ஆசிரியர்தான் செய்யலாம். கன்னத்தில் அறைவது, காதைத் திருகுவது, தலையில் குட்டுவது எதற்கும் இதில் இடமில்லை. காதோடு சேர்த்து அறைந்தால் செவிப்பறை கிழியலாம்.

தண்டனைக்கு முன் விசாரணை வேண்டும். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள நிபோங் திபாலில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆசிரியரின் கைப்பேசியை எடுத்ததாக இடைநிலைப்பள்ளி மாணவி ஒருத்தி மீது சந்தேகம் விழுந்தது. பல மணி நேரம் அவளை ஓர் அறையில் வைத்திருந்தார்கள் என்பது குடும்பத்தாரின் குற்றச்சாட்டு. அவள் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, சில நாள்களில் மருத்துவமனையில் இறந்தாள். இப்படிப்பட்ட மரணத்திற்கு ஒரே ஒரு காரணத்தைச் சொல்லிவிட முடியாது. ஆனால், திருட்டுப் பட்டம் ஒரு பிள்ளையின் மனத்தை எவ்வளவு அழுத்தும் என்பதைப் பெரியவர்கள் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஏழு வயதுப் பிள்ளைக்கும் மானம் உண்டு.

நியாயமாக நடக்கும் ஆசிரியர் முதலில் பிள்ளையைத் தனியே அழைத்து, "என்ன நடந்தது?" என்று கேட்பார். பார்த்தவர்களையும் கேட்பார். சந்தேகத்தை வகுப்பின் முன்னால் போட்டு உடைக்க மாட்டார். பெரிய விஷயம் என்றால் கட்டொழுங்கு ஆசிரியரிடம் கொண்டுபோவார், வீட்டுக்குத் தகவல் சொல்வார், நடந்ததை எழுதி வைப்பார். ஒரே தப்பைச் செய்த இருவரில் ஒருவனுக்குப் பிரம்படி, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரின் மகனுக்கு வெறும் புத்திமதி என்றால் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அதன்பின் அந்த ஆசிரியரின் சொல்லுக்கு வகுப்பில் மதிப்பிருக்காது.

பிரம்பு இல்லாத தண்டனைகளிலும் ஆபத்து உண்டு. 2024-இல் சிலாங்கூரின் அம்பாங்கில், 11 வயது மகனை ஓர் ஆசிரியர் ஏறக்குறைய 3 மணி நேரம் வெயிலில் நிற்க வைத்ததாக ஒரு தாய் போலீசில் புகார் செய்தார். சிறு உடல் சீக்கிரம் சூடேறும். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மூளையும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். வெயிலில் நின்று வந்த பிள்ளைக்குத் தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் கண்டால் நிழலில் படுக்க வைத்து, ஈரத் துணியால் துடைத்து விசிறிக்கொண்டே 999-ஐ அழையுங்கள். நூறு, இருநூறு தோப்புக்கரணம் போட்ட பிள்ளைக்கு மறுநாள் தொடை வீங்கி, சிறுநீர் கொக்கோகோலா நிறத்தில் போனால் அன்றே பாரிட் புந்தார் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தசை சிதைந்ததன் அறிகுறியாக அது இருக்கலாம். ஓய்வு நேரத்தில் சாப்பாட்டை மறுப்பதும் கழிப்பறைக்கு விடாமல் வைப்பதும்கூடத் தண்டனையாகக் கூடாது.

சில பிள்ளைகளின் "குறும்பு" உண்மையில் உடல்நலக் குறையாக இருக்கும். கரும்பலகை சரியாகத் தெரியாதவன் பக்கத்துப் பையனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பான். காது மந்தமானவள் சொல் கேட்காதவள் என்று பெயர் வாங்குவாள். ஒரே பிள்ளை அடிக்கடி தண்டனை பெறுகிறது என்றால் கண், காது, கவனக்குறைவு மூன்றையும் சுகாதாரக் கிளினிக்கில் பரிசோதிப்பது நல்லது.

பிள்ளை வந்து சொல்லும்போது "நீ என்ன செய்தாய்?" என்று உடனே பாய வேண்டாம். முழுவதையும் கேளுங்கள். காயம் இருந்தால் படம் எடுத்து, மருத்துவரிடம் காட்டுங்கள். மறுநாள் பெற்றோரோடு வகுப்பாசிரியரையோ தலைமையாசிரியரையோ பாருங்கள். பள்ளி வாசலில் சத்தம் போடுவதும், வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியரின் படத்தைப் போடுவதும் விசாரணையைக் கெடுக்கும். பிள்ளை பற்றி எதிர்பார்க்கும் அதே நியாயம் ஆசிரியருக்கும் உண்டு. பள்ளியில் பதில் கிடைக்காவிட்டால் கிரியான் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம்.

பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்று நினைத்தால் தாலியான் காசே 15999 எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், பள்ளிக்குப் போக மறுத்து அழுதால், அல்லது "நான் இருக்கவே வேண்டாம்" என்பதுபோல் பேசினால், தனியே விடாமல் கூடவே இருந்து, சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவையை 15555 எண்ணில் அழையுங்கள். அது எடுக்கப்படாத நேரமாக இருந்தால் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.