ஈறு கசிந்தால் பிரஷ்ஷை நிறுத்தலாமா?

சிவகாசியை ஒட்டியுள்ள நாரணாபுரத்தில் எங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களோடு ஏழு நாட்கள் முகாமிட்டிருந்தேன். முதல் நாள் காலை, தெருக்குழாயடியில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பல் துலக்கிக்கொண்டிருந்தான். அவன் துப்பிய நுரை சிவந்திருந்தது.

“எத்தனை நாளாய் இப்படி?” என்று கேட்டேன்.

“ரொம்ப நாளா வருது சார். ரத்தம் வர்ற பக்கம் பிரஷ்ஷ விடமாட்டேன். விட்டா இன்னும் புண்ணாயிரும்ல?”

கையில் காயம்பட்ட இடத்தை நாம் தேய்ப்பதில்லை அல்லவா? அதனால் அவன் சொன்னது நியாயமாகவே படுகிறது. குடத்தோடு காத்திருந்த பெரியவர் ஒருவர் வேறு காரணம் சொன்னார்: “எல்லாம் தீப்பெட்டி மருந்து பண்ற வேலை, சார்வாள். காத்துலயே கலந்து கெடக்கு.”

முதலில் பெரியவரின் காரணத்தைப் பார்ப்போம். அதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தீக்குச்சி முனையில் வெண் பாஸ்பரஸ் வைத்தார்கள். அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு ஈறு வீங்கி, சீழ் பிடித்து, தாடை எலும்பே அழுகியது. 1888-இல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் செய்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு இக்கொடுமை உலகறியப் பேசப்பட்டது. 1906-இல் பெர்ன் நகரில் இதைத் தடுக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. இந்தியாவில் 1913-இல் தடைச் சட்டம் வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி, சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது 1923-இல். அதாவது தடை வந்து பத்து ஆண்டுகளுக்குப் பின்! இன்று பெட்டியின் பக்கவாட்டில் பூசப்படுவது சிவப்பு பாஸ்பரஸ். அது தாடையை அரிக்கும் நஞ்சு அன்று. ஆகவே நம் பையனின் ஈற்றுக்குப் பாஸ்பரஸைக் குற்றம் சொல்ல முடியாது.

பின் யார் குற்றவாளி? 1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவப் பேராசிரியரும் அவர் குழுவினரும் எளிய சோதனை ஒன்று செய்தார்கள். ஈறு நலமாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் வெண்மையான, பிசுபிசுப்பான படலம் படிந்தது. அது முழுக்க முழுக்கப் பாக்டீரியாக் கூட்டம். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரே வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. ஒரு காரணத்தைச் சேர்த்தும் நீக்கியும் விளைவைப் பார்ப்பதுதானே நம் ஆய்வுக்கூட முறையும்!

இப்போது பையனின் வாதம் எங்கே வழுக்குகிறது என்று தெரிகிறதா? கைக்காயத்தில் வெட்டியது கத்தி, அது போய்விட்டது. ஈற்றில் வெட்டுகிறவன் இன்னும் அங்கேயே குடியிருக்கிறான். பிரஷ்ஷை நிறுத்தினால் அவன் பெருகுவான், ரத்தமும் கூடும்.

அதே லோ, 1970-இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைச் சோதித்து, 1985 வரை திரும்பத் திரும்ப வந்து அளந்தார். அவர்கள் தமிழர்கள். அத்தோட்டங்களுக்கு மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து மக்கள் போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சிவகாசியும் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டம்தான். அந்தத் தொழிலாளர்களுக்குப் பிரஷ் பழக்கமும் இல்லை, பல் வைத்தியமும் இல்லை. பல்லை எலும்போடு பிணைக்கும் பற்று, நாற்பது வயதை நெருங்கும்போது அவர்களுக்குச் சராசரியாக 4.5 மில்லிமீட்டர் கீழிறங்கியிருந்தது. ஒப்பீட்டுக்காக ஆஸ்லோ நகரில் பார்த்த படித்த ஆண்களுக்கு 1.5 மில்லிமீட்டர்தான். தொழிலாளர்களில் 8 சதவீதத்தினர் 45 வயதுக்குள் ஏறத்தாழ எல்லாப் பற்களையும் இழந்தார்கள். 11 சதவீதத்தினருக்கு நோய் ஈற்றோடு நின்றது. அந்த அட்டவணைகளைப் படித்தபோது, எண்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் நம் பாட்டன் ஊர்க்காரர்கள் என்ற நினைப்பு என்னை விடவில்லை.

“வாயை நன்றாகக் கொப்பளித்தால் போதாதா?” என்று கேட்பீர்கள். இதற்கு இயற்பியல் பதில் சொல்லும். உங்கள் வகுப்பறை மின்விசிறியின் இறக்கையைப் பாருங்கள். அவ்வளவு வேகமாகச் சுழன்றும் அதன் மேல் தூசி படிந்திருக்கிறதே, ஏன்? ஒரு பரப்பைத் தொட்டிருக்கும் காற்றோ நீரோ அப்பரப்பின் மேல் நழுவுவதில்லை. விலக விலகத்தான் வேகம் கூடும். பற்படலமோ மிக மெல்லியது, போதாததற்குப் பசை வேறு. கொப்பளிக்கும் நீர் அதன் தலைக்கு மேலே ஓடிப்போகிறது! வெந்நீரில் உப்பிட்டுக் கொப்பளித்தால் இதமாக இருக்கும், படலம் போகாது. விசிறியைத் துணியால் துடைப்பதுபோல் இதையும் ஏதாவது ஒன்று தொட்டுத்தான் எடுக்க வேண்டும்.

எப்படித் தொடுவது? மென்மையான இழைகள் உள்ள பிரஷ்ஷை ஈற்றோரத்தில் ஏறத்தாழ 45 பாகை சாய்த்து, சிறு அசைவுகளால் துலக்குங்கள். இழையின் முனைதான் வேலை செய்கிறது. ஓங்கி அழுத்தினால் இழை வளைந்து, முனை இடுக்கில் நுழையாமல் போய்விடும். செங்கல் பொடி, மணல் கலந்த பொடிகள் வேண்டாம்: மோஸ் கடினத்தன்மை வரிசையில் குவார்ட்ஸ் 7, பல் எனாமல் 5. எது எதைக் கீறும் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

வைட்டமின் சி குறைந்தாலும் ஈறு கசியும், அதுதான் ஸ்கர்வி. 1939-40-இல் ஹிஸ்ஸார் பஞ்சத்தின்போது அந்நோய்க்கு நெல்லிக்காய் பயன்பட்டது. நெல்லிக்காயும் கொய்யாவும் தாராளமாய்த் தின்னுங்கள். ஆனால் வயிற்றுக்குள் போன நெல்லிக்காய் பல்லோரப் படலத்தைச் சுரண்டாது.

இன்னொன்று: புகை பிடிப்பவருக்கு ஈற்று ரத்தம் குறைவாகவே வரும். அது நலத்தின் அறிகுறி அன்று. நோய் உள்ளே வளர, எச்சரிக்கை மணி மட்டும் அடைபட்டுவிடுகிறது. நீரிழிவு உள்ளவருக்கு ஈற்று நோய் கடுமையாகும். இரண்டு வாரம் ஒழுங்காகத் துலக்கியும் கசிவு நிற்காவிட்டால் பல் மருத்துவரிடம் போக வேண்டும். ஈற்றுக் கசிவோடு காய்ச்சல், மூக்கில் ரத்தம், தோலில் காரணமற்ற சிவப்புப் புள்ளிகள் தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது பல்லின் கோளாறாக இல்லாமல் ரத்தத்தின் கோளாறாக இருக்கலாம்.

நாரணாபுரத்துப் பையனிடம் ஒரு நோட்டுத் தாள் கொடுத்தேன். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று, எத்தனை இடத்தில் ரத்தம் என்று எண்ணி எழுதச் சொன்னேன். முதல் நாள் 6. இரண்டாம் நாள் 7. “கூடிருச்சே சார்!” என்று சண்டைக்கு வந்தான். இத்தனை நாள் தொடாத இடங்களைத் தொட்டிருக்கிறாய் என்றேன். நான்காம் நாள் 4. ஏழாம் நாள் 1.

அந்த ஒன்று கீழ் முன்பற்களின் உட்புறம். படலம் கல்லாக இறுகிக் காரையாகிவிட்ட இடம். பிரஷ்ஷுக்கு அது அசையாது. அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் சுரண்டி எடுப்பார்கள் என்றேன். “சுரண்டுனா பல்லு ஆடும்னு அம்மா சொல்லுது.” காரை பல்லைத் தாங்குவதில்லை, தாங்கும் எலும்பைத்தான் கரைக்கிறது என்று படம் வரைந்து காட்டினேன். படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான், அம்மாவிடம் காட்ட.