தண்ணீருக்குள் பிரசவம்: கேள்விப்பட்டதும் உண்மையும்



சென்ற கூட்டமைப்புக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் பேசி முடித்து, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்த நேரம். ஒரு உறுப்பினர் செல்போனை நீட்டினார். "ஏக்கா, இதப் பாருங்க. தொட்டித் தண்ணிக்குள்ள ஒக்காந்துக்கிட்டே புள்ள பெக்குறா. கத்தலும் இல்ல, கூச்சலும் இல்ல. எம்மவளுக்கு இப்ப எட்டாம் மாசம். நம்ம வீட்டுலயும் பெரிய தொட்டி ஒண்ணு சும்மாதான கெடக்கு?" என்று கேட்டார்.

சிலர் சிரித்தார்கள். "புள்ளைக்கு மூச்சு முட்டாதா?" என்று சிலர் பயந்தார்கள். அந்த அக்கா ஏன் கேட்டார் என்று விசாரித்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. தன் தலைப்பிரசவத்தில் ஒரு ராத்திரி முழுக்கத் தனியாகப் படுத்துக் கிடந்தாராம். வலி தாங்காமல் கத்தியதற்கு, காது கூசுகிற பேச்சு கேட்டாராம். "நான் பட்ட பாடு எம்மவ படக்கூடாதுக்கா" என்றார்.

அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரை.

தண்ணீர்ப் பிரசவம் என்றால் என்ன?

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இடுப்பு வலி வந்து கருப்பை வாய் திறக்கும் வரை வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார்ந்து வலியைத் தாங்குவது ஒன்று. குழந்தையையே தண்ணீருக்குள் பெற்றெடுப்பது இன்னொன்று. முன்னதைச் செய்கிற பல பெண்கள், குழந்தை பிறக்கும் நேரத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். சிலர் தண்ணீரிலேயே பெறுகிறார்கள்.

எங்கே தொடங்கியது?

பிரான்ஸ் நாட்டில் பித்திவியே என்கிற சின்ன ஊர் மருத்துவமனையில் 1970-களில் மிஷேல் ஓதான் என்கிற டாக்டர் இருந்தார். குழந்தைகள் விளையாடுகிற, காற்றடித்துப் பெரிதாக்கும் தொட்டி ஒன்றை வாங்கிப் பிரசவ அறையில் வைத்தார். வலிக்கு இதமாக இருக்கட்டும் என்பதுதான் அவர் எண்ணம். தண்ணீருக்குள் பிள்ளை பெற வைப்பது திட்டம் இல்லை. உள்ளே இறங்கிய பெண்களில் சிலர் வெளியே வர மனமில்லாமல் அங்கேயே பெற்றுவிட்டார்கள். இப்படிப் பிறந்த 100 குழந்தைகளைப் பற்றி 1983-ல் மருத்துவ இதழில் எழுதினார். அதன் பிறகு பல நாடுகளுக்கு இது பரவியது.

இங்கிலாந்தில் 1992-ல் நாடாளுமன்றக் குழு ஒன்று, முடிந்த இடங்களில் எல்லாம் பெண்களுக்கு இந்த வசதி கிடைக்க வேண்டும் என்று சொன்னது. இன்று அங்கே பல அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே தொட்டி வைத்த அறை இருக்கிறது. காசு வாங்குவதில்லை. பெரும்பாலும் படித்துப் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளே பிரசவம் பார்க்கிறார்கள்.

அந்த அறையில் என்ன நடக்கிறது?

வலி நன்றாகப் பிடித்த பிறகுதான் தண்ணீரில் இறக்குகிறார்கள். உட்கார்ந்தால் மார்பு வரை தண்ணீர் நிற்கும். சூடு நம் உடம்புச் சூடு அளவுதான் இருக்கும். 37.5 டிகிரி செல்சியசுக்கு மேல் போகக் கூடாது என்பது அங்கே விதி. நம்ம ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு ஊற்றுகிற கொதிக்கக் கொதிக்க வெந்நீர் இல்லை. தண்ணீர்ச் சூட்டையும் தாயின் உடம்புச் சூட்டையும் மணிக்கு ஒரு தடவை பார்க்கிறார்கள். தாயின் உடம்பு சூடேறினால் வயிற்றுக் குழந்தைக்கும் சூடேறி, இதயத் துடிப்பு வேகமாகிவிடும் என்பதுதான் காரணம்.

தண்ணீரில் இறங்கியதும் முதலில் தெரிவது உடம்புப் பாரம் குறைவது. கிணற்றிலோ கம்மாயிலோ நீந்தியவர்களுக்கு இது தெரியும். வயிறு மிதக்கிறது. முதுகிலும் கூபகத்திலும் இழுக்கிற இழுப்பு தளர்கிறது. கட்டிலில் புரண்டு படுக்கவே கஷ்டப்பட்டவள், தண்ணீரில் லேசாகத் திரும்பலாம். முட்டி போடலாம், குத்த வைக்கலாம், தொட்டி விளிம்பைப் பிடித்துக் குனிந்து நிற்கலாம்.

வலி போய்விடுமா? போகாது. இதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். கருப்பை இறுகும்போது வலிக்கத்தான் செய்யும். ஆனால் ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே கிடைக்கிற இடைவெளியில் உடம்பு முழுசாக ஓய்வெடுக்கிறது. சில பெண்கள் அந்த இரண்டு நிமிடத்தில் கண்ணயர்ந்துகூடப் போவார்கள்.

வெதுவெதுப்பில் தசை தளர்கிறது. பயம் குறைகிறது. பயந்த உடம்பில் அட்ரினலின் சுரப்பு கூடும். அது கூடினால், கருப்பையைச் சுருங்க வைக்கிற ஆக்சிடோசின் சுரப்பு தடைபடும். வலி வந்தவளைத் திட்டி மிரட்டினால் பிரசவம் சீக்கிரம் ஆகும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மருத்துவச்சி பக்கத்திலேயே இருப்பார். நனையாத கருவியை வயிற்றில் வைத்து, வலி நேரத்தில் 15 நிமிடத்துக்கு ஒரு தடவையும், முக்குகிற நேரத்தில் 5 நிமிடத்துக்கு ஒரு தடவையும் குழந்தையின் துடிப்பைக் கேட்பார். தலை தெரிகிறதா என்று தண்ணீருக்குள் கண்ணாடி வைத்து, டார்ச் அடித்துப் பார்ப்பார். புருஷனோ, அம்மாவோ துணைக்கு இருக்கலாம். குடிக்கத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

குழந்தை முழுசாக வெளியே வந்ததும் உடனே, ஆனால் பதறாமல், மேலே தூக்கித் தாயின் மார்பில் வைக்கிறார்கள். தொப்புள்கொடியை இழுத்துவிடாமல் மெதுவாகத் தூக்க வேண்டும். தண்ணீரில் பிறந்த குழந்தை சில சமயம் 'குவா குவா' என்று உடனே அழாது. கண்ணைத் திறந்து பேசாமல் பார்க்கும். அதனால் மூச்சு, நிறம், துடிப்பு மூன்றையும் மருத்துவச்சி உடனே பார்ப்பார். நஞ்சுக்கொடி விழ பெரும்பாலும் தாயை வெளியே வரச் சொல்வார்கள். எவ்வளவு ரத்தம் போகிறது என்பது தண்ணீரில் சரியாகத் தெரியாது அல்லவா?

குழந்தைக்கு மூச்சு முட்டாதா?

வயிற்றுக்குள் குழந்தை பனிக்குடத் தண்ணீரில்தான் மிதந்துகொண்டு இருக்கிறது. நுரையீரலிலும் நீர்தான். பிராணவாயு தொப்புள்கொடி வழியே போகிறது. பிறந்து முகத்தில் காற்றும் குளிரும் பட்ட பிறகுதான் பெரும்பாலும் முதல் மூச்சு இழுக்கும். உடம்புச் சூட்டில் இருக்கிற தண்ணீருக்குள் அந்தத் தூண்டுதல் குறைவு.

ஆனால் இது நல்லபடியாக இருக்கிற குழந்தைக்கு மட்டும்தான். ஏற்கெனவே பிராணவாயு குறைந்து திணறுகிற குழந்தை தண்ணீருக்குள்ளேயே மூச்சு இழுத்துவிடலாம். அதனால்தான் துடிப்பை அத்தனை தடவை கேட்கிறார்கள். துடிப்பில் சின்ன மாற்றம் தெரிந்தாலும் தாயை வெளியே எடுத்துவிடுவார்கள். இன்னொன்று, தலை வெளியே வந்த நேரத்தில் தாய் எழுந்து நின்று, குழந்தை முகத்தில் காற்று பட்டுவிட்டால் மறுபடி தண்ணீரில் உட்காரவே கூடாது.

யாருக்கு ஒத்துவராது?

ரத்தக்கொதிப்பு, வலிப்பு உள்ளவர்கள், இரட்டைப் பிள்ளை, கால் முன்னால் வரும் பிள்ளை, 37 வாரத்துக்கு முன்பே வலி வந்தவர்கள், ரத்தப்போக்கு அல்லது காய்ச்சல் உள்ளவர்கள், பனிக்குட நீரில் குழந்தை மலம் கலந்திருப்பது — இவர்களுக்கெல்லாம் தண்ணீர் வேண்டாம் என்கிறார்கள். முன்பு சிசேரியன் ஆனவர்களையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பதால் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. ரத்தசோகை உள்ளவர்களுக்குக் கொஞ்சம் ரத்தம் போனாலும் ஆபத்து.

டாக்டர்கள் ஒத்துக்கொள்கிறார்களா?

ஒரே குரலில் இல்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2016-ல், ஆரோக்கியமான பெண்கள் வலி நேரத்தில் தண்ணீரில் இருக்கலாம், ஆனால் குழந்தை பிறப்பது தரையில்தான் நடக்க வேண்டும் என்று சொன்னது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 26 அரசு மருத்துவ அமைப்புகளில், 2015 முதல் 2022 வரை நடந்த பிரசவங்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2024-ல் வெளியானது. எந்தச் சிக்கலும் இல்லாத தாய்மார் மருத்துவச்சி மேற்பார்வையில் தண்ணீரிலேயே பெற்றதால், தாய்க்கோ குழந்தைக்கோ பெரிய பாதிப்பு கூடவில்லை என்று அது சொன்னது. தொப்புள்கொடி அறுந்துபோவது மட்டும் தண்ணீரில் சற்று அதிகம், அதுவும் அபூர்வம்தான் என்று கண்டார்கள்.

'சிக்கல் இல்லாத தாய்', 'மருத்துவச்சி மேற்பார்வை' என்ற இந்த இரண்டு வார்த்தையை யாரும் தாண்டிப் படிக்கக் கூடாது.

நம் வீட்டுத் தொட்டியில் செய்யலாமா?

கூடவே கூடாது. அந்த அக்காவுக்கும் இதைத்தான் சொன்னோம்.

செல்போன் படத்தில் தெரிவது தொட்டியும் குழந்தையும் மட்டும்தான். பக்கத்தில் நிற்கிற இரண்டு மருத்துவச்சிகள், துடிப்பு கேட்கிற கருவி, ரத்தம் நிற்கப் போடுகிற ஊசி, கூப்பிட்டதும் வருகிற டாக்டர், இவையெல்லாம் படத்தில் விழுவதில்லை. சுத்தம் என்று நாம் நினைக்கிற தண்ணீரிலும் கிருமி இருக்கும். இங்கிலாந்திலேயே 2014-ல், வீட்டில் சூடாக்கி வைத்திருந்த பிரசவத் தொட்டித் தண்ணீரால் ஒரு குழந்தைக்கு கடுமையான நுரையீரல் காய்ச்சல் வந்து, அந்த வகைத் தொட்டியைப் பயன்படுத்த வேண்டாம் என்று அரசு எச்சரித்தது.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. பிள்ளை பெற்றவுடன் அளவுக்கு மீறி ரத்தம் போனால் சீக்கிரமே உயிரை எடுத்துவிடலாம். திருப்பூரில் 2018-ல், செல்போன் படம் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு தாய் இறந்துபோனதை நாம் மறக்கக் கூடாது.

அப்படியானால் நமக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. பெரிய நகரங்களில் சில தனியார் இடங்களில் மட்டும் கிடைக்கிற தொட்டி நமக்கு எட்டாது. ஆனால் அந்தத் தொட்டி அறையில் பெண்ணுக்குக் கிடைக்கிற மற்ற நல்ல விஷயங்களுக்குத் தொட்டியே தேவையில்லை.

துணை: பிரசவ நேரத்தில் பெண்ணுடன் ஒரு துணை இருக்கலாம் என்று 2016-ல் மத்திய அரசு அரசு மருத்துவமனைகளுக்குச் சொல்லியிருக்கிறது. அம்மாவோ, அக்காவோ, பிள்ளை பெற்ற அனுபவம் உள்ள ஒருத்தி உடன் இருக்கக் கேளுங்கள்.

நடமாட்டம்: சிக்கல் இல்லாதவள் வலி நேரத்தில் மல்லாந்தே கிடக்க வேண்டியதில்லை. நடக்கலாம், உட்காரலாம், தனக்கு வசதியான நிலையில் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொல்லியிருக்கிறது.

வெதுவெதுப்பு: வலி தொடங்கிய நேரத்தில் நர்சம்மாவிடம் கேட்டுக்கொண்டு, இடுப்பில் இதமான வெந்நீர் ஊற்றலாம், வெந்நீர்த் துணி ஒற்றலாம். நம் பாட்டிமார் செய்ததுதான். பனிக்குடம் உடைந்துவிட்டாலோ, ரத்தம் பட்டாலோ குளியல் என்று நேரம் கடத்தாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மரியாதை: பிரசவ அறையில் திட்டு வாங்குவது தலையெழுத்து இல்லை. 2017-ல் தொடங்கிய 'லக்‌ஷயா' திட்டம், பிரசவ அறையில் பெண்ணை மரியாதையாக நடத்த வேண்டும் என்பதையும் ஒரு தரமாக வைத்திருக்கிறது. இதைக் கேட்பது சண்டை இல்லை, உரிமை.

அந்த அக்காவின் மகளுக்கு இப்போது ஒன்பதாம் மாதம். கிராம சுகாதாரச் செவிலியரிடம் ரத்த அளவு பார்த்தாகிவிட்டது. எந்த மருத்துவமனை, யார் துணை, ராத்திரியில் வலி வந்தால் யார் வண்டி என்று குழுவிலேயே பேசி முடித்திருக்கிறோம். துணைக்குப் போகப்போவது அந்த அக்காதான். "அன்னிக்கு எனக்கு யாரும் கையப் புடிக்கல. எம்மவ கைய நான் புடிச்சுக்கிறேன்" என்றார்.

உங்கள் குழுவில் பேச:
1. நம் குழுவில் இப்போது கர்ப்பமாக இருப்பவர்கள் யார்? அவர்கள் ரத்த அளவு என்ன?
2. ஒவ்வொருவருக்கும் பிரசவத் துணை யார் என்று முடிவு செய்தாகிவிட்டதா?
3. பிரசவ அறையில் நமக்கு நடந்த நல்லது, கெட்டது என்ன? அதை நர்சம்மாவிடமும் ஊராட்சிக் கூட்டத்திலும் எப்படிச் சொல்வது?

பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். எங்களுக்கும் எழுதுங்கள்.